சமன்பாடுகளை எண்ணினால் போதாது

ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித ஆசிரியர் மகாவீரர். தமது ‘கணித சார சங்கிரக’த்தில் அவர் ஒரு பழக்கணக்கு போடுகிறார். ஒன்பது நாரத்தையும் ஏழு விளாம்பழமும் சேர்த்து விலை 107. ஏழு நாரத்தையும் ஒன்பது விளாம்பழமும் சேர்த்து 101. ஒவ்வொன்றும் என்ன விலை? இரண்டையும் கூட்டினால் பதினாறு ஜோடிக்கு 208 வருகிறது, ஜோடி 13. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், விளாம்பழத்தைவிட நாரத்தை 3 கூடுதல் என்று தெரிகிறது. ஆக நாரத்தை 8, விளாம்பழம் 5. வேறு விடைக்கு இடமில்லை.

இரண்டாவது கூடையில் பதினெட்டு நாரத்தையும் பதினான்கு விளாம்பழமும் இருந்து, விலை 214 என்று சொல்லப்பட்டிருந்தால்? முதல் கூடையை இரட்டித்ததைத் தவிர அதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. நாரத்தை 8, விளாம்பழம் 5 என்பதும் பொருந்தும். நாரத்தை 1, விளாம்பழம் 14 என்பதும் பொருந்தும். பின்னங்களையும் சேர்த்துக்கொண்டால் விடைகளுக்கு முடிவே கிடையாது. அதே கூடைக்கு 220 என்று சொல்லியிருந்தாலோ, எந்த விலை வைத்தாலும் கணக்கு ஒட்டாது. மூன்று கணக்கிலும் தெரியாத எண்கள் இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. விடைகளின் எண்ணிக்கை மட்டும் முதலில் ஒன்று, பிறகு எண்ணற்றது, கடைசியில் பூச்சியம்.

‘தெரியாதவை எத்தனையோ அத்தனை சமன்பாடு இருந்தால் விடை வந்துவிடும்’ என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள நம்பிக்கை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தேர்ந்த கணித அறிஞர்களும் அதைக் கேள்வி கேட்காமல்தான் வைத்திருந்தார்கள். அது உடைந்த கதையும், அதன் இடத்தில் எது வந்தது என்பதும், வந்தது எதுவரை செல்லும் என்பதும்தான் இங்கே பேச்சு.

சமன்பாடு குறைந்தால் என்ன ஆகும் என்பது சீனர்களுக்குத் தெரிந்திருந்தது. சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழமையான ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணித நூலின் எட்டாம் அத்தியாயத்தில் உள்ள 18 கணக்குகளும் இந்த வகைதான். எண்களைக் குச்சிகளாகப் பலகையில் நெடுக்கு வரிசைகளில் பரப்பி, ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றை வேண்டிய மடங்கில் கழித்துக் கழித்து விடை காண்பார்கள். இன்று கல்லூரியில் காஸ் பெயரால் சொல்லித்தரும் நீக்கல் முறையும் சாராம்சத்தில் இதுவே. அந்த அத்தியாயத்தின் 13ஆம் கணக்கு ஒரு பொதுக் கிணற்றைப் பற்றியது. ஐந்து வீட்டார் அதில் நீர் இறைக்கிறார்கள். முதல் வீட்டின் இரண்டு கயிற்றோடு இரண்டாம் வீட்டின் ஒரு கயிற்றை முடிந்தால் தண்ணீரை எட்டும். இரண்டாம் வீட்டின் மூன்றோடு மூன்றாம் வீட்டின் ஒன்று. மூன்றாம் வீட்டின் நான்கோடு நான்காம் வீட்டின் ஒன்று. இப்படியே போய், ஐந்தாம் வீட்டின் ஆறு கயிற்றோடு முதல் வீட்டின் ஒன்று. கிணற்றின் ஆழம் 721, கயிறுகள் முறையே 265, 191, 148, 129, 76 என்று நூல் விடை தருகிறது. போட்டுப் பார்த்தால் ஐந்து வரியும் துல்லியமாகப் பொருந்தும். ஆனால் தெரியாதவை ஐந்து கயிறும் ஒரு ஆழமுமாக ஆறு; சமன்பாடுகளோ ஐந்து. கிணறு 1442 என்றாலும், கயிறுகளை இரட்டித்துவிட்டால் கணக்கு நிற்கும். கி.பி. 263இல் இந்த நூலுக்கு உரை எழுதிய லியூ ஹுய் இதைக் கவனித்திருக்கிறார்: கிடைப்பது அளவுகள் அல்ல, அளவுகளுக்கு இடையிலான விகிதம் மட்டுமே என்று அவர் குறிக்கிறார்.

குறைந்தால் சிக்கல் என்பது கண்ணுக்குத் தெரியும். சரியாக இருக்கும்போதே சிக்கல் வரும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை. அதைத் தோன்றவைத்தது வளைகோடுகளைப் பற்றிய ஒரு புதிர். ஸ்காட்லாந்தின் மெக்லாரின் 1720இலேயே அதைத் தொட்டிருந்தார்; ஜெனீவாவின் கப்ரியேல் கிராமர் 1744இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெளிவாக வைத்தார். இரு மாறிகளில் அமைந்த முப்படிச் சமன்பாடு ஒன்றில் பத்துக் கெழுக்கள் உண்டு. மொத்தத்தையும் ஒரு எண்ணால் வகுத்துக்கொள்ளலாம் என்பதால், உண்மையில் தெரியவேண்டியவை ஒன்பது. வளைகோடு ஒரு புள்ளி வழியாகப் போகிறது என்று சொன்னால் கெழுக்களில் ஒரு நேரிய சமன்பாடு கிடைக்கும். ஒன்பது புள்ளி, ஒன்பது சமன்பாடு, ஒன்பது தெரியாத எண். எனவே ஒன்பது புள்ளிகள் ஒரே ஒரு முப்படி வளைகோட்டைத் தீர்மானிக்கவேண்டும். ஆனால் இரண்டு முப்படி வளைகோடுகள் ஒன்பது புள்ளிகளில் வெட்டிக்கொள்ளலாம் என்பதும் தெரிந்த செய்தி. அந்த ஒன்பது புள்ளிகள் வழியே இரண்டு வளைகோடுகள் போகின்றனவே!

இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். நெடுக்கே மூன்று இணைகோடு, குறுக்கே மூன்று இணைகோடு. நெடுக்குக் கோடுகள் மூன்றும் சேர்ந்தால் ஒரு முப்படிச் சமன்பாடு. குறுக்குக் கோடுகள் மூன்றும் சேர்ந்தால் இன்னொன்று. வெட்டும் புள்ளிகள் ஒன்பது, இரண்டு தொகுதிக்கும் பொது. ஒன்பது சமன்பாடுகள் இருந்தும் விடை ஒன்றல்ல.

அப்போது பெர்லினில் இருந்த ஆய்லர், 1750இல் வெளியான கட்டுரையில் முடிச்சை அவிழ்த்தார். பழுது வளைகோட்டில் இல்லை, எண்ணிக்கையை நம்பியதில்தான் இருக்கிறது என்றார். அதைக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் சிரிக்கக்கூடிய அளவு எளிமையானது: 3க − 2ச = 5, 4ச = 6க − 10. இரண்டாவது, முதலாவதை இரட்டித்து இடம் மாற்றி எழுதியதுதான். ஐரோப்பாவின் மிகப் பெரிய கணித மேதை இவ்வளவு சிறிய உதாரணத்தில் தொடங்கவேண்டியிருந்தது என்பதே பழைய நம்பிக்கை எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதற்குச் சாட்சி. ஒன்பது புள்ளிக் கணக்கிலும் நடந்தது அதுதான்: ஒன்பதில் ஒரு சமன்பாடு மற்ற எட்டிலிருந்தே பிறந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே 1750இல் வெளிவந்த கிராமரின் வளைகோட்டு நூலின் பின்னிணைப்பில்தான், பிற்காலத்தில் அவர் பெயரையே தாங்கிய ‘கிராமர் விதி’ இருக்கிறது. ஒரே ஒரு விடை உள்ள கணக்குகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் விதி அது.

ஆய்லர் நோயைக் கண்டுபிடித்தார். அளவுகோல் கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நீக்கல் முறையில் வரிசைகளைக் கழித்துக்கொண்டே வந்தால், சில சமன்பாடுகள் ‘0 = 0’ என்று உதிர்ந்துபோகும். உதிராமல் நிற்பவற்றின் எண்ணிக்கை எந்த வழியில் கழித்தாலும் மாறாது. இதைத்தான் அணியின் தரம் என்கிறோம். இடப்பக்கக் கெழுக்களை மட்டும் கொண்ட அணிக்கு ஒரு தரம். வலப்பக்க எண்களையும் ஒரு நிரலாகச் சேர்த்த விரிவுபடுத்தப்பட்ட அணிக்கு ஒரு தரம். இரண்டும் வேறானால் தீர்வே இல்லை; எங்கோ ஓரிடத்தில் ‘0 = 5’ போன்ற அபத்தம் ஒளிந்திருக்கிறது. இரண்டும் சமமாகி, தெரியாதவற்றின் எண்ணிக்கைக்கும் சமமானால் ஒரே தீர்வு. சமமாகியும் குறைவாக இருந்தால் எண்ணற்ற தீர்வுகள். எவ்வளவு குறைகிறதோ, அத்தனை தெரியாத எண்களுக்கு நம் விருப்பப்படி மதிப்புக் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இதை ரூஷே–கபெல்லி தேற்றம் என்று படிக்கிறார். ரஷ்ய மாணவருக்கு இது குரோனெக்கர்–கபெல்லி, ஸ்பெயினில் ரூஷே–ஃப்ரோபேனியஸ். பலர் பல இடங்களில் தனித்தனியே வந்து சேர்ந்த முடிவு இது. அவர்களுக்கெல்லாம் முன்பே, 1867இல் அணிக்கோவைகளைப் பற்றி எழுதிய சிறு நூலில் இதை நிறுவிய ஒருவரின் பெயர் எந்த நாட்டுப் பாடநூலிலும் தேற்றத்தோடு ஒட்டவில்லை. அவர் ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் டாஜ்சன். ‘ஆலிஸ்’ கதைகளின் லூயிஸ் கரோல். அந்த நூலின் குறியீடுகள் யாருக்கும் பிடிக்காத அளவுக்குச் சிக்கலானவை. அது ஒரு காரணமாக இருக்கலாம்.

தேர்வில் வருகிற கேள்வி இப்படி இருக்கும்: க + ச + த = 6, க + 2ச + 3த = 14, க + 4ச + ப·த = ம. ப, ம எந்த மதிப்புகளுக்கு எத்தனை தீர்வு? முதல் சமன்பாட்டை மற்ற இரண்டிலிருந்தும் கழித்து, பிறகு சகரத்தையும் நீக்கினால், கடைசியில் மிஞ்சுவது (ப − 7)த = ம − 30. கேள்வி முழுதும் இந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டது. ப என்பது 7 அல்ல என்றால் ஒரே தீர்வு. 7 ஆகி, ம 30 ஆனால் எண்ணற்றவை. 7 ஆகி, ம வேறு எதுவானாலும் தீர்வு இல்லை.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். கிராமர் விதியில் வரும் அணிக்கோவைகள் எல்லாமே பூச்சியம் ஆனால் ‘எண்ணற்ற தீர்வுகள்’ என்று எழுதிவிடும் வழக்கம் தேர்வுக் கூடங்களில் உண்டு. இரண்டு மாறிகளோடு நிற்கும்வரை இது பெரும்பாலும் தப்பிவிடும். மூன்றில் கவிழும். க + ச + த என்பது 1 என்றும், 2 என்றும், 3 என்றும் மூன்று சமன்பாடுகளை எழுதினால் நான்கு அணிக்கோவைகளும் பூச்சியம்தான். தீர்வு ஒன்றுகூடக் கிடையாது. அணிக்கோவை பூச்சியம் என்பது ‘தரம் குறைந்துவிட்டது’ என்று மட்டும் சொல்லும். எவ்வளவு குறைந்தது, வலப்பக்கம் அதற்கு ஒத்துப்போகிறதா என்பதைச் சொல்லாது.

ஏன் பூச்சியம், ஒன்று, எண்ணற்றது என்ற மூன்றே மூன்று? ஏழு தீர்வுகள் உள்ள தொகுப்பு ஏன் இல்லை? காரணம் சுருக்கமானது. இரண்டு தீர்வுகள் இருந்தால் அவற்றின் சராசரியும் தீர்வுதான்; சராசரிக்கும் பழையதற்கும் நடுவில் இன்னொன்று; அவற்றை இணைக்கும் நேர்கோடு முழுதும் தீர்வுகள்.

தற்செயலாகக் கெழுக்களை அள்ளிப்போட்டால் தரம் குறைவது மிக அரிது. எனவே ஒரு நிஜமான கணக்கில் தரம் குறைந்தால், பின்னால் ஏதோ ஒரு விதி இருக்கிறது என்று சந்தேகிப்பது நல்லது. மின்சுற்றில் ஒவ்வொரு சந்திப்புக்கும் கிர்க்காஃப் சமன்பாடு எழுதினால் ஒன்று எப்போதும் உபரியாகிவிடும், ஏனென்றால் ஒரு சந்திப்பை விட்டு வெளியேறும் மின்னோட்டம் இன்னொன்றில் நுழைந்தே ஆகவேண்டும்.

வேதியியல் ஆய்வகத்தில் இதைவிடச் சுவையான ஒன்று கிடைக்கிறது. பொட்டாசியம் பர்மாங்கனேட், ஹைட்ரஜன் பெராக்சைடு, கந்தக அமிலம் மூன்றும் வினைபுரிந்து மாங்கனீசு சல்ஃபேட், பொட்டாசியம் சல்ஃபேட், நீர், ஆக்சிஜன் நான்கையும் தருகின்றன. பொருள்கள் ஏழு, தனிமங்கள் ஐந்து. ஏழு தெரியாத எண்கள், ஐந்து நேரிய சமன்பாடுகள், தரமும் ஐந்து. சாதாரண வினைகளில் தரம் தெரியாதவற்றைவிட ஒன்றுதான் குறையும். அப்போது பெருக்கல் காரணியைத் தவிர விடை ஒன்றே. இங்கே இரண்டு குறைகிறது. இரண்டு பர்மாங்கனேட்டுக்கு ஐந்து பெராக்சைடு, மூன்று அமிலம் என்று எழுதினால் எட்டு நீரும் ஐந்து ஆக்சிஜனும் வந்து அணுக்கள் சரியாகும். இரண்டு பர்மாங்கனேட்டுக்கு ஒரே பெராக்சைடு என்று எழுதி, நான்கு நீரும் மூன்று ஆக்சிஜனும் போட்டாலும் அணுக்கள் சரியாகவே இருக்கும்! அணுக்களை மட்டும் எண்ணுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவதுதான் ஆய்வகத்தில் நடப்பது என்று தேர்ந்தெடுக்க எலக்ட்ரான் கணக்கு என்ற ஆறாவது சமன்பாடு வேண்டும். பெராக்சைடிலிருந்து ஆக்சிஜன் பிரிவது தனி வினையாகவும் நடக்கக்கூடும் என்பதே அந்தக் கூடுதல் சுதந்திரத்தின் மூலம்.

இதுவரை சொன்ன மூன்று விடைகளும் பின்னங்களையும் தசமங்களையும் ஏற்கும் உலகத்துக்கு உரியவை. முழு எண்களுக்குள் நுழைந்தால் காட்சி மாறிவிடும். ஐந்தாம் நூற்றாண்டுச் சீனர் ஜாங் சியூஜியானின் நூறு பறவைக் கணக்கில், சேவல் ஒன்று 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சு மூன்று 1 காசு; நூறு காசுக்கு நூறு பறவை வாங்கவேண்டும். தெரியாதவை மூன்று, சமன்பாடு இரண்டு; தரத்தைக் கேட்டால் ‘எண்ணற்றவை’ என்று சொல்லும். ஆனால் அரைச் சேவல் வாங்க முடியாதே. சேவல், பெட்டை, குஞ்சு வரிசையில் 4, 18, 78; 8, 11, 81; 12, 4, 84 என்று மூன்றே விடைகள். சேவலே வேண்டாம் என்றால் 25 பெட்டையும் 75 குஞ்சும் நான்காவது. மகாவீரரும் இதே சாயலில் புறா, கொக்கு, அன்னம், மயில் என்று நான்கு பறவைகளை வைத்துக் கணக்குத் தந்திருக்கிறார். முழு எண் தீர்வுகளைத் தேடும் கலை, 499இல் ஆரியபட்டர் வகுத்த குட்டக முறையிலிருந்து இந்தியாவில் தனி மரபாகவே வளர்ந்தது.

விடை காண்பது ஒன்று. மொத்தம் எத்தனை விடை என்று எண்ணுவது இன்னொன்று. இரண்டாவதைத் தனிக் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் எகிப்தின் அபூ காமில், சுமார் கி.பி. 900. அவருடைய பறவைக் கணக்கு ஒன்றில் ஐந்து இனங்கள்: வாத்து 2 திர்ஹாம், கோழி 1 திர்ஹாம், ஒரு திர்ஹாமுக்குப் புறா இரண்டு, காட்டுப்புறா மூன்று, வானம்பாடி நான்கு. நூறு திர்ஹாமுக்கு நூறு பறவை, எல்லா இனத்திலும் குறைந்தது ஒன்று. அவர் கண்ட விடைகளின் எண்ணிக்கை 2676. பொறுமையோடு உட்கார்ந்து எண்ணினால் வருவது 2678. கணினியோ அச்சிட்ட அட்டவணையோ இல்லாத காலத்தில், இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில் இரண்டே இரண்டு நழுவியிருக்கிறது.

இந்த எண்ணும் கேள்வி எவ்வளவு ஆழம் போகும் என்பதைக் காட்டியவர் ராமானுஜன். முதல் மாறி, இரண்டாவதன் இரு மடங்கு, மூன்றாவதன் மும்மடங்கு என்று நூறாவதன் நூறு மடங்குவரை கூட்டினால் 100 வரவேண்டும்; மாறிகள் குறையெண் அல்லாத முழு எண்கள். ஒரே ஒரு நேரிய சமன்பாடுதான். அதன் தீர்வுகளின் எண்ணிக்கை 19,05,69,292. நூறை முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற பிரிவினைக் கேள்வியேதான் இது. ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் வெளியிட்ட வாய்பாடு, தீர்வுகளில் ஒன்றைக்கூட எழுதாமல் அவற்றின் எண்ணிக்கையை நெருங்கிப் பிடிக்கிறது. 200க்கு மெக்மஹோன் கையால் கணக்கிட்ட 39,72,99,90,29,388 என்ற எண்ணோடு ஒப்பிட்டபோது வாய்பாடு வியக்கத்தக்க துல்லியத்தோடு ஒத்துப்போயிற்று.

எண் உலகத்தை இன்னும் சுருக்கி, 0, 1 என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூச்சியம். 1995இல் டைகர் நிறுவனம் விற்ற ‘லைட்ஸ் அவுட்’ விளையாட்டுப் பெட்டி இந்த உலகத்தில்தான் இயங்குகிறது. ஐந்துக்கு ஐந்தாக 25 பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அதுவும் அதை ஒட்டிய மேல், கீழ், இட, வல விளக்குகளும் எரிவது அணையும், அணைந்தது எரியும். எல்லாவற்றையும் அணைக்கவேண்டும். ஒவ்வொரு பொத்தானும் அழுத்தப்படுகிறதா இல்லையா என்பது 25 தெரியாதவை. ஒவ்வொரு விளக்கும் ஒரு சமன்பாடு. அணியின் தரம் 25 அல்ல, 23. ஆகவே 3,35,54,432 தொடக்க நிலைகளில் கால்வாசிக்கு மட்டுமே தீர்வு உண்டு. தீர்வு உள்ள ஒவ்வொன்றுக்கும் சரியாக நான்கு தீர்வுகள். முடிவுள்ள எண் உலகத்தில் ‘எண்ணற்றவை’ என்ற சொல்லுக்கு வேலை இல்லை. சுதந்திரம் இரண்டானால் இரண்டின் இருமடி, அதாவது நான்கு.

அளவுகள் கருவியிலிருந்து வரும்போது வேறொரு தொல்லை. க + ச = 2, க + 1.0001ச = 2.0001 என்ற தொகுப்பின் தீர்வு 1, 1. வலப்பக்கக் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி 2.0002 என்று வைத்தால் தீர்வு 0, 2 என்று தாவிவிடும். தரம் இரண்டு, தீர்வு ஒன்று; தேற்றப்படி எல்லாம் ஒழுங்கு. ஆனால் அளவையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தவறு இருந்தாலே அந்த ஒரே தீர்வுக்கு மதிப்பில்லை. இந்தத் தள்ளாட்டத்தை அளக்க ஆலன் டூரிங் 1948இல் ஓர் எண்ணை வகுத்தார். இன்றைய மென்பொருள்களும் தரத்தைக் கணக்கிடும்போது, இவ்வளவுக்குக் கீழே போனால் பூச்சியம் என்று ஒரு வரம்பை வைத்துக்கொண்டுதான் சொல்கின்றன. அந்த வரம்பு தேற்றத்திலிருந்து வருவதில்லை. பயன்படுத்துபவரின் தீர்ப்பு அது.

வானியலாளர்களுக்கு இது பழகிய வேதனை. பல்லாஸ் சிறுகோளின் பாதையைத் தீர்மானிக்க காஸுக்குத் தேவைப்பட்டவை ஆறு எண்கள்; கையில் இருந்த சமன்பாடுகளோ பத்துக்கும் மேல். நோக்குப் பிழைகளால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கண்டிப்பாகப் பார்த்தால் தீர்வுகள் பூச்சியம். 1805இல் லெஜாந்தர் வெளியிட்ட குறைந்த வர்க்க முறை கேள்வியையே மாற்றிவிடுகிறது: எல்லாவற்றையும் நிறைவேற்றும் எண்களுக்குப் பதிலாக, பிழைகளின் வர்க்கங்களின் கூட்டலை மிகக் குறைக்கும் எண்கள். அப்படிக் கிடைக்கும் புதுச் சமன்பாடுகளுக்குத் தீர்வு இல்லாமல் போகவே முடியாது என்பது இதன் பெரிய வசதி.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. படத்தில் 80க்கு 80 கட்டங்கள். அதாவது 6400 தெரியாத எண்கள். ஒவ்வொரு கோணத்திலும் 160 அளவீடு, 180 கோணங்கள். மொத்தம் 28,800 சமன்பாடுகள். தேவைக்கு நான்கு மடங்குக்கும் மேல். இவ்வளவு இருந்தால் படம் ஒன்றே ஒன்றுதான் என்று தோன்றும். 1977இல் ஸ்மித், சால்மன், வாக்னர் மூவரும் எழுதிய கட்டுரை வேறு சொல்கிறது: கட்டங்களாக நறுக்காமல் உடலை உள்ளபடியே எடுத்துக்கொண்டால், எத்தனை கோணத்தில் எடுத்தாலும், கோணங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவையாக இருக்கும்வரை, அந்தக் கோணங்கள் எதிலும் தெரியாத உருவம் ஒன்றை எப்போதும் உள்ளே ஒளித்துவைக்க முடியும். இத்துறையில் அவற்றைப் ‘பேய்கள்’ என்றே அழைக்கிறார்கள். நல்ல காலமாக அவை வெகு வேகமாக ஏறி இறங்கும் அலைகளாக இருப்பவை. மனித உடலின் உறுப்புகள் அப்படி இருப்பதில்லை.

உடலைப் பற்றிய அந்த முன்னறிவையும் ஒரு சமன்பாடு போலவே பயன்படுத்தலாம் என்ற எண்ணம் 2006இல் காண்டஸ், ரோம்பர்க், தாவோ ஆகியோரின் கட்டுரையிலும் டோனஹோவின் கட்டுரையிலும் உருப்பெற்றது. காண்டஸ் குழுவினர் எடுத்துக்கொண்டது, மருத்துவப் படங்களைச் சோதிக்கப் பயன்படும் 512க்கு 512 கட்டங்கள் கொண்ட மாதிரித் தலைப் படம். 2,62,144 தெரியாத எண்கள். அவர்களிடம் இருந்தவை 22 ஆரக்கோடுகளில், கோட்டுக்கு 512 வீதம் எடுத்த அளவீடுகள் மட்டும். தரத்தின் கணக்குப்படி தீர்வுகள் எண்ணற்றவை. அவற்றுள் கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறுவதன் மொத்த அளவு மிகக் குறைவாக உள்ள படத்தைத் தேடும்படி கணினிக்குச் சொன்னார்கள். கிடைத்த படம் மூலப் படத்தோடு கட்டத்துக்குக் கட்டம் ஒத்திருந்தது.